துணிக்கு ஏறும் நிறம், மண்ணில் இறங்கும் உப்பு

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு அடர்கறுப்பு ஏற்ற வேண்டுமானால், சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு கரைப்பது பட்டறைகளில் வழக்கம். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான் இருக்கிறது. இன்றைய சாஃப்ட் ஃப்ளோ எந்திரத்தில் கிலோவுக்கு எட்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிலோ துணிக்கு 640 கிராம் உப்பு போகிறது. பழைய வின்ச் தொட்டியில் 20 லிட்டர் வேண்டும். அப்போது உப்பு 1,600 கிராம், துணியின் எடையைவிட அதிகம். இந்த உப்பில் ஏறக்குறைய எதுவுமே நாம் உடுத்தும் பனியனில் தங்குவதில்லை. சாயத்தை நூலின்மேல் ஏற்றிவிட்டு, அலசும் தண்ணீரோடு அத்தனையும் வெளியேறிவிடுகிறது. ஜவுளித் தொழில் ஆற்றைக் கெடுக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் சிவப்பாகவும் ஊதாவாகவும் ஓடும் தண்ணீரின் படத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் விளைநிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு உரியது. உப்பை முதல் எதிரியாக வைத்துப் பார்த்தால், தீர்வைத் தேட வேண்டிய இடமும் மாறுகிறது. கழிவுநீர் வந்துசேரும் சுத்திகரிப்பு நிலையத்தைவிட, அது உருவாகும் சாயத்தொட்டியில்தான் நாம் அதிகம் கவனமும் பணமும் செலவிட வேண்டும்.

உப்பு ஏன் தேவைப்படுகிறது என்பது எளிய மின்னியல். பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின்தன்மை பெறுகிறது. 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்களும் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பிலிருந்து பிரியும் சோடியம் அயனிகள் இழையைச் சூழ்ந்து அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. சாயம் நெருங்கி வருகிறது. பிறகு சோடா ஆஷ் சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றினால், சாய மூலக்கூறு பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. பத்துத் துவையலுக்குப் பிறகும் நிறம் நிற்பது இந்தப் பிணைப்பால்தான். ஆனால் அதே காரநிலையில் சாயம் தண்ணீரோடும் வினைபுரிகிறது. அப்படி வீணான பங்கு, சாயத்தைப் பொறுத்து பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், பத்தில் மூன்று நான்காகவும் இருக்கலாம். இழையில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் செத்த சாயத்தை நீக்கத்தான் வெந்நீரிலும் சோப்பிலும் மாற்றி மாற்றி அலசுகிறார்கள். சாயமேற்றப் பிடிக்கும் தண்ணீரைவிட அலசப் பிடிக்கும் தண்ணீர் அதிகம்.

திருப்பூர் ஒரு காலத்தில் வெள்ளை பனியன் ஊர். சலவைப்பட்டறைகள் இருந்தன; சாயத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. 1980-களில் ஏற்றுமதி வளர, வெளிநாட்டுக் கடைகள் கேட்ட வண்ண உடைகளுக்காகச் சாயப்பட்டறைகள் பெருகின. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் நொய்யல், மழைக்காலம் போக மற்ற நாட்களில் மெலிந்த ஆறு. உள்ளே வரும் கழிவைக் கரைத்து விடும் அளவுக்கு அதில் தண்ணீர் கிடையாது. திருப்பூருக்குக் கீழே பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. எந்த விவசாயி அப்படிக் கேட்பார்? உப்பு ஏறிய தண்ணீர் எதிரே நின்றாலும் வேரால் உறிஞ்ச முடியாது. சோடியம் மண்ணிலிருக்கும் கால்சியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். களிமண் துகள்கள் பிரிந்து, மண்ணின் துளைகள் அடைபட்டு, மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. நிறம் காலப்போக்கில் சிதையும். கரிமக் கழிவைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். சோடியம், குளோரைடு அயனிகளைத் தின்ன உயிரினம் எதுவும் இல்லை. நிலத்தடி நீருக்குள் புகுந்தால், பல மழைக்காலங்கள் அடித்துக்கொண்டு போனால்தான் உண்டு.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்தது. அப்படியும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். அதற்குப் பிறகுதான், தமிழக அரசின் வட்டியில்லாக் கடனோடு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்மையாகவே ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு நகர்ந்தன. நுண்ணுயிர்த் தொட்டியில் கரிமக் கழிவை நீக்கி, ஆர்.ஓ. சவ்வுகளில் தண்ணீரின் பெரும்பகுதியைப் பிரித்து மீண்டும் பட்டறைக்கே அனுப்புகிறார்கள். மிஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்கிகளில் காய்ச்சுகிறார்கள். திருப்பூர்ப் பொறியாளர்கள் இங்கே ஒரு நல்ல வேதியியல் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். சாதாரண உப்பு தண்ணீரில் கரையும் அளவு வெப்பநிலையோடு பெரிதாக மாறுவதில்லை. கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ 32 டிகிரி செல்சியஸுக்கு அருகில் மிக அதிகமாகக் கரைந்து, குளிர்விக்கக் குளிர்விக்கப் படிகமாக வெளியே விழுகிறது. ஆகவே சாயத்தொட்டியில் சாதாரண உப்புக்குப் பதில் கிளாபர் உப்பைப் போட்டால், அதைத் திரும்ப எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். செறிந்த உப்புநீரைச் சுத்தம் செய்து நேரடியாகச் சாயமேற்றவே திருப்பி அனுப்பும் முறையும் வந்தது. நீதிமன்றமும் விவசாயிகளும் நெருக்கியதால் பிறந்த தொழில்நுட்பம் இது. ஒரு பின்னலாடை நகரே இந்த அளவில் இதைச் செய்திருக்கிறது என்று பெருமையோடே சொல்லலாம்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே, சாயத்தொட்டியை ஏன் கிளற வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உப்பையும் தண்ணீரையும் கலப்பது எவ்வளவு சுலபமோ, பிரிப்பது அவ்வளவு கடினம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 2,260 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதே தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்குவதைப்போல் இது ஏழெட்டு மடங்கு. ஒரு கலத்தின் நீராவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல்கட்ட ஆவியாக்கிகள் இந்தச் செலவைக் குறைக்கின்றன, ஒழித்துவிடுவதில்லை. அந்த வெப்பத்துக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். ஆற்றைக் காப்பாற்றும் செலவில் ஒரு பங்கைக் காற்று கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் பிறகு, எந்தச் சாயத்துக்கும் உதவாத கலப்பு உப்பும் கசடும் மிஞ்சி, மூட்டைகளாகச் சேர்கின்றன. சுத்திகரிப்பின் செலவு கூடக் கூட, இரவில் வாய்க்காலில் திறந்துவிடும் சபலமும் கூடும். கட்டுப்பாடு தளர்ந்த வேறு ஊருக்குத் தொழில் நகர்வதும் நடக்கும். பவானியிலும் ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலும் சாயப்பட்டறைகள் காவிரிக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதை நினைத்தால், இது கற்பனைப் பயம் இல்லை என்பது புரியும். எனவே சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம் வேண்டும்; ஆனால் அதற்குள் போகும் உப்பைக் குறைக்காமல் அதையே முழுத் தீர்வென்று நம்பக் கூடாது.

குறைக்கும் வழிகள் இன்றே கையில் இருக்கின்றன. முதலாவது தண்ணீர் விகிதம். லிட்டருக்கு எத்தனை கிராம் என்றே உப்பை அளப்பதால், தண்ணீர் குறைந்தால் உப்பும் குறையும். எட்டு லிட்டர் ஐந்து லிட்டரானால் 640 கிராம் 400 ஆகிறது. சாய வேதியியலில் எதையும் மாற்றவில்லை, எந்திரம்தான் மாறியது. இரண்டாவது, ஒரே மூலக்கூறில் இரண்டு மூன்று வினைக்கைகள் கொண்ட சாயங்கள். ஒரு கை தண்ணீரோடு வினைபுரிந்து வீணானாலும் மற்றொன்று இழையைப் பற்றிக்கொள்ளும். அதிகச் சாயம் ஏறும், உப்பும் அலசலும் குறையும். மூன்றாவது கோல்ட் பேட் பேட்ச் முறை. சாயத்தையும் காரத்தையும் துணியில் பிழிந்து ஏற்றி, உருளையில் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, அறை வெப்பத்திலேயே இரவு முழுக்க மெல்லச் சுழலவிடுகிறார்கள். துணியோடு இருக்கும் தண்ணீர் மிகக் குறைவு. பொதுவாக உப்பே வேண்டியதில்லை, கொதிகலனும் காலையில் அலசும்போதுதான் தேவை. எனக்கு எல்லாவற்றிலும் அதிக நம்பிக்கை தருவது இந்த முறைதான். நெசவுத் துணிக்குப் பழகிப்போன இது பின்னல் துணிக்குச் சிரமம் தருகிறது என்பது உண்மை. குழாயாக வரும் துணியை வெட்டி விரிக்க வேண்டும், ஓரம் சுருளும், இழுவை கூடினால் அளவு கெடும். இவை எந்திர நுட்பத்தால் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். பருத்தியின் மேற்பரப்பையே நேர்மின்தன்மைக்கு மாற்றிவிட்டு உப்பில்லாமல் சாயமேற்றும் முறை இன்னும் கவர்ச்சியானது. ஆனால் அதற்கான வேதிப்பொருளைக் கையாளுவதில் அபாயம் உண்டு, நிறம் திட்டுத்திட்டாக ஏறும் வாய்ப்பும் உண்டு. அதை இப்போதே எல்லோர் மேலும் திணிப்பது சரியல்ல.

இயற்கைச் சாயத்துக்குத் திரும்பினால் போதுமே என்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன். கைத்தறிச் சேலைக்கும் சிறு தொகுதிக்கும் அது பொருந்தும். ஆனால் இயற்கைச் சாயங்களில் பல, நூலில் நிற்கப் படிகாரம், கடுக்காய் போன்ற நிறமூன்றிகளைக் கேட்கின்றன. பட்டறைகள் நாளும் கேட்கும் டன் கணக்கான சாயத்துக்குச் செடி வளர்க்க எவ்வளவு நிலமும் நீரும் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாலியஸ்டருக்கு மாறச் சொல்வது இன்னொரு வாதம். அதற்குச் சாயமேற்ற இவ்வளவு உப்பு வேண்டாம். அழுத்தமேற்றிய கார்பன் டையாக்சைடில் தண்ணீரே இல்லாமலும் ஏற்றலாம். ஆனால் பெட்ரோலியத்தில் பிறந்து ஒவ்வொரு துவையலிலும் நுண்பிளாஸ்டிக் இழையை உதிர்க்கும் துணி, வியர்வை ஊறும் நம் வெயிலுக்குப் பருத்தியின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

கடைசியாக எஞ்சுவது பணம். புது எந்திரம் விலை அதிகம். ஜாப் ஒர்க் எடுத்து, கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று ஓடும் சிறு பட்டறைக்காரரிடம் முதலீடு இல்லை. கழிவை வெளியேற்றக் கூடாது என்ற கட்டாயம் இல்லாத நாடுகளோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன், ஆனால் அது சுட்டும் பொறுப்பு பட்டறைக்காரருடையது மட்டும் என்பதை ஏற்க முடியாது. உப்பின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பவர் எங்கோ உட்கார்ந்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பாளர். வெளிர்நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பு போதும். அடர்கறுப்புக்கு அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஷேடு இம்மி பிசகியதென்று ஒரு லாட்டைத் திருப்பினால், அது மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. உப்பும் தண்ணீரும் வெப்பமும் இன்னொரு முறை. கடை விளக்கில் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாட்டுக்காக நொய்யல் கரை மண் விலை கொடுக்க வேண்டுமா? பசுமையைப் பற்றி அறிக்கை வெளியிடும் பெரிய பிராண்டுகள், ஷேடு விலகலில் கொஞ்சம் தளர்வு காட்டவும், உப்பு குறைவான முறையில் ஏறிய துணிக்குக் கூடுதல் விலை தரவும், எந்திரம் மாற்ற முன்பணம் கொடுக்கவும் ஒப்பந்தத்திலேயே எழுதலாம். இதை அளப்பதற்குப் புதிய கருவி ஏதும் வேண்டாம். எத்தனை கிலோ துணி, எத்தனை லிட்டர் தண்ணீர், எவ்வளவு சாயம், எவ்வளவு சோடா, எவ்வளவு உப்பு என்று ஒவ்வொரு லாட்டுக்கும் பட்டறைகளில் ஏற்கெனவே கணக்கு எழுதுகிறார்கள். கிலோவுக்கு எத்தனை கிராம் உப்பு என்ற அந்த ஓர் எண்ணை, நிறத்தின் பெயருக்குப் பக்கத்தில், ஆர்டர் தாளிலும் எழுதச் சொல்லி ஏற்றுமதியாளர்கள் இந்தப் பருவத்திலேயே கேட்கத் தொடங்கலாம்.