லெனிஹான் குடும்பமும் டப்ளின் மேற்குத் தொகுதியும்

அயர்லாந்து அரசியலில் குடும்பப் பெயர் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எந்த இடத்தில் கைவிடும் என்பதற்கு முன்னாள் நிதியமைச்சர் பிரையன் லெனிஹானின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அவருடைய தந்தை பெயரும் பிரையன் லெனிஹான்தான். ஃபியானா ஃபாயில் கட்சியின் பெருந்தலைகளில் ஒருவர். வெளியுறவு அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்தவர். 1990 குடியரசுத் தலைவர் தேர்தலில் மேரி ராபின்சனிடம் தோற்றார். அத்தை மேரி ஓ'ரூர்க் கல்வி அமைச்சராக இருந்தவர். தம்பி கோனரும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தாத்தா பேட்ரிக்கின் கதை இன்னும் விசித்திரம். மகன் அமைச்சராகிவிட்ட பிறகு, 1965இல்தான் அவர் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்.

ஒரே வீட்டிலிருந்து இத்தனை பேர் எப்படி? தேர்தல் முறைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒரு தொகுதிக்கு 3 முதல் 5 உறுப்பினர்கள். வாக்காளர் தமக்குப் பிடித்த வரிசையில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுவார். நம் மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கும் அதே முறைதான். அங்கே அதைப் பொதுமக்களே செய்கிறார்கள். ஒரு கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்துவதால், வேட்பாளருக்குச் சொந்தக் கட்சிக்காரரும் போட்டியாளர்தான். கட்சிப் பெயர் மட்டும் போதாது. ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் உறுப்பினர்கள் வாரந்தோறும் தொகுதியில் உட்கார்ந்து குறை கேட்கிறார்கள். துக்க வீடுகளுக்குத் தவறாமல் போகிறார்கள். இப்படிப் பல ஆண்டுகள் பழகிய ஒருவர் இறந்தால், வாக்காளருக்கு ஏற்கெனவே தெரிந்த பெயராகப் பார்த்து அவர் பிள்ளையைக் கட்சி தேடி வருகிறது.

தந்தை 1995 நவம்பரில் காலமானார். மகன் டிரினிட்டியிலும் கேம்பிரிட்ஜிலும் சட்டம் படித்தவர், வழக்கறிஞர். தந்தையின் தொகுதியான டப்ளின் மேற்கில் 1996 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் அவரை நிறுத்தினார்கள். அனுதாபத்தில் எளிதாக வந்துவிடுவார் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. தண்ணீர்க் கட்டணத்தை எதிர்த்துத் தெருத் தெருவாகப் போராடிய சோசலிசவாதி ஜோ ஹிக்கின்ஸ் எதிரே நின்றார். விருப்ப வாக்குகள் கைமாறி எண்ணி முடித்தபோது லெனிஹானுக்குக் கிடைத்த வெற்றி வித்தியாசம் 252 வாக்குகள்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் தண்ணீர்க் கட்டணத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது.

2002இல் குழந்தைகள் நல இணையமைச்சர், 2007இல் நீதித்துறை அமைச்சர், 2008 மே மாதத்தில் நிதியமைச்சர். பொறுப்பேற்று ஐந்து மாதங்கூட ஆகவில்லை, வங்கிகள் ஆட்டங்கண்டன. வெளிநாட்டில் கடன் வாங்கி வீடு கட்டுவோருக்கு அள்ளிக் கொடுத்திருந்த வங்கிகளுக்கு, மேற்கொண்டு கடன் தர ஆளில்லை. 2008 செப்டம்பர் 29 இரவு தொடங்கிய பேச்சு விடிவதற்குள் முடிவானது: ஆறு நிதி நிறுவனங்களின் கடன்களுக்கு அரசே ஜாமீன். தொகை ஏறத்தாழ 44,000 கோடி யூரோ. நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் இரு மடங்குக்கும் மேல். சாமானியரின் சேமிப்பைக் காப்பது சரிதான். ஆனால் லாபம் கருதி வங்கிப் பத்திரங்களில் பணம் போட்டவர்களுக்கும் சேர்த்து ஜாமீன் நின்றது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன். வங்கிகளைத் தாங்கிப்பிடிக்க மக்கள் பணம் ஏறத்தாழ 6,400 கோடி யூரோ போனது. சம்பளமும் சலுகைகளும் வெட்டப்பட்டன. இளைஞர்கள் மறுபடியும் வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள்.

2009 டிசம்பரில் அவருக்குக் கணையப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. பதவியை விடாமல், சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலை பார்த்தார். அவர் முடிவுகளை ஏற்காதவர்களும் இதை மதித்தார்கள். 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் கையேந்த வேண்டி வந்தது. 8,500 கோடி யூரோ திட்டம். பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் தனியாக நின்று, உருகும் பனியைப் பார்த்தபடி, இந்த நிலை எந்த ஐரிஷ் அமைச்சருக்கும் வந்ததில்லையே என்று தாம் நினைத்ததைப் பின்னர் பி.பி.சி.யிடம் சொன்னார்.

2011 பிப்ரவரி பொதுத்தேர்தலில் மக்கள் தீர்ப்பளித்தார்கள். ஃபியானா ஃபாயிலுக்கு நாடு முழுக்க 20 இடங்கள். அத்தை தோற்றார், தம்பி தோற்றார். டப்ளினில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் பிரையன் லெனிஹானுடையது. நான்கு இடமுள்ள தொகுதியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய வாக்கு சேர்ந்தாலே கரையேறிவிடலாம். கட்சிமேல் கடுங்கோபத்தில் இருந்த ஊரிலும் அந்த அளவுக்கு அவருக்கென்று வாக்கு இருந்தது. அதே தொகுதியில் அவருடன் வென்ற மூவரில் ஒருவர் ஜோ ஹிக்கின்ஸ்.

2011 ஜூன் 10 அன்று, 52 வயதில் லெனிஹான் மறைந்தார். அக்டோபரில் வந்த இடைத்தேர்தலில் ஃபியானா ஃபாயில் அந்தக் குடும்பத்திலிருந்து யாரையும் நிறுத்தவில்லை. தொழிற்கட்சி வென்றது. 2016 பொதுத்தேர்தல் வரை டப்ளினில் ஃபியானா ஃபாயிலுக்கு ஒரு கீழவை உறுப்பினர்கூடக் கிடையாது.