டீசல் யந்திரத்தில் நீரின் சூடு: இயல்பும் மிகையும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் உழவும் பாரம் சுமத்தலும் இக்காலத்தில் பெரும்பாலும் டீசல் யந்திரங்களாலேயே நடைபெறுகின்றன. கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகுக் கதிரடிக்கவும், ஆனி, ஆடியில் பெங்களூரா மாங்காயை மாங்கூழ் ஆலைகளுக்குக் கொண்டு சேர்க்கவும், இராயக்கோட்டைத் தக்காளியை எல்லை கடந்து அனுப்பவும் டிராக்டரும் லாரியும் வேண்டியிருக்கின்றன. இவ்வேலைகளின் நடுவே உஷ்ணமானியின் முள் சிறிது ஏறக் கண்டதும் அஞ்சி வேலையை நிறுத்துவோர் உண்டு. முள்ளைப் பாராமலே ஓட்டி யந்திரத்தைக் கெடுத்துக்கொள்வோரும் உண்டு. முன்னவருக்குக் கால நஷ்டம். பின்னவருக்குப் பெரும் பொருள் நஷ்டம். இயல்பான சூடு எது, மிகையான சூடு எது என்று அறிந்தால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

சூடு உண்டாகும் விதம்

டீசல் எரிவதால் பிறக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வேலையாகக் கிட்டுகிறது. அதே அளவு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிலிண்டர்களைச் சுற்றியோடும் நீர் ஏற்று, ரேடியேட்டரின் வழியாகக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகையால் பாரம் மிகுந்தால் எரியும் எண்ணெய் மிகும். நீர் சுமக்கவேண்டிய சூடும் மிகும். கடும் வேலையில் முள் சிறிது ஏறுவது நோயன்று. ஏர் இழுக்கும் எருதுக்கு மூச்சு வாங்குவது போன்றதே.

இயல்பான அளவு

பெரும்பாலான டீசல் யந்திரங்களில் நீரின் சூடு 80 முதல் 95 சென்டிகிரேட் டிகிரி வரை இருப்பது இயல்பு. தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு 76 முதல் 82 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறியபின் முழுதும் திறக்கும். மேட்டிலும் ஆழ உழவிலும் முள் 95-ஐத் தாண்டி 100-ஐ அணுகுவதுண்டு. பாரம் குறைந்த சில நிமிஷங்களில் அது பழைய இடத்திற்குத் திரும்புமாயின் கவலை வேண்டுவதில்லை. பாரம் குறைந்தும் இறங்காத முள்ளும், நாளுக்கு நாள் அதே வேலைக்கு அதிகமாக ஏறும் முள்ளுமே கவனிக்கத்தக்கவை. எந்த வண்டிக்கும் அதன் கைப்புத்தகத்திலும் மானியின் சிவப்புக் கோட்டிலும் கண்ட எல்லையே முடிவானது.

உயரமும் மூடியும்

கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,700 அடியிலும், ஓசூர் சுமார் 2,900 அடியிலும் உள்ளன. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. எனவே ஓசூரில் திறந்த பாத்திரத்து நீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டரின் அழுத்த மூடி நல்ல நிலையிலிருந்தால் இந்நிலை மாறும். சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியானால் ஓசூரில் சுமார் 109 டிகிரி வரையும், 13 பவுண்டு மூடியானால் சுமார் 117 டிகிரி வரையும் நீர் கொதியாது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால், சூளகிரி வழியாக மேடேறும் பார லாரியில் 97 டிகிரியிலேயே நீர் பொங்கி வழியும். இத்தகைய இடத்தில் குற்றம் யந்திரத்தினுடையதன்று. சிறு விலையுள்ள மூடியினுடையதே.

தெர்மோஸ்டாட்டை நீக்குதல்

சூடு ஏறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. இது பெருந்தவறு. 70 டிகிரிக்குக் கீழ் நெடுநேரம் ஓடும் யந்திரத்தில் எண்ணெய் முற்றிலும் எரியாது. கரி படியும், டீசல் மசகெண்ணெயில் கலக்கும், புகையிலுள்ள ஈரமும் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிச் சிலிண்டரை அரிக்கும். சூட்டின் மூலகாரணமும் அப்படியே நிற்கும். பழுதான தெர்மோஸ்டாட்டை மாற்றவேண்டுமே தவிர நீக்கலாகாது.

கிணற்று நீரும் கதிர்த் தூசியும்

இப்பகுதிப் போர்க்கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. அதிலுள்ள சுண்ணம் சூட்டில் பிரிந்து, கொதிபானையின் அடியிற் படிவது போல யந்திரத்தினுள் படிகிறது. இப்படிவு சூட்டைக் கடத்தும் திறனில் இரும்பினும் சுமார் இருபது மடங்கு தாழ்ந்தது. காலணாக் கனம் படிந்தாலும் உலோகம் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட் திரவமும் கைப்புத்தகம் கூறும் விகிதத்தில் கலந்து ஊற்றுவதே முறை. கூலன்ட் கொதிநிலையைச் சிறிது உயர்த்துவதோடு துருவையும், சிலிண்டர் உறையின் புறத்தே நீர்க்குமிழிகளால் உண்டாகும் குழிகளையும் தடுக்கிறது. அது இனிப்புச் சுவையுள்ள விஷமாகையால் வடித்த திரவத்தை மாடுகளும் நாய்களும் நக்கும்படி விடலாகாது.

கதிரடிக்கும் டிராக்டர் ஓரிடத்திலே நிற்பதால் விசிறிக் காற்றொன்றே அதற்குத் துணை. உமியும் தூசியும் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துவிட்டால் அத்துணையும் போய்விடும். டிராக்டரைக் காற்று வரும் பக்கமாக நிறுத்தி, நாள்தோறும் வேலை முடிந்து யந்திரம் ஆறியபின் விசிறியின் பக்கத்திலிருந்து முன்புறமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்தல் வேண்டும். பெல்ட்டின் தளர்ச்சியையும் பார்த்தல் வேண்டும்.

சூடு மிகுந்தபோது செய்யத்தக்கவை

1. பாரத்தைக் குறைத்து நிழலில் நிறுத்தி, சில நிமிஷம் மிதமான வேகத்தில் யந்திரத்தை ஓடவிடுக. நீர் முழுதும் ஒழுகிவிட்டாலோ பெல்ட் அறுந்தாலோ உடனே நிறுத்துக.

2. சூடாயிருக்கையில் மூடியைத் திறவாதிருக்க. பீறிடும் கொதிநீர் முகத்தையும் கைகளையும் வேகச்செய்யும்.

3. காய்ந்த யந்திரத்தில் குளிர்நீர் ஊற்றாதிருக்க. சிலிண்டர் தலை வெடிக்கும்.

4. முள் திடீரெனத் தாழ்ந்தால் மகிழவேண்டாம். நீர் குறைந்து மானியின் முனை நீரை விட்டு வெளிப்பட்டிருக்கலாம். யந்திரம் அப்போதே மிகக் காய்ந்துகொண்டிருக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

கூட்டுறவுச் சங்கங்களிலும் வாடகை மையங்களிலும் உள்ள டிராக்டர்கள் பலர் கைப்படுவதால் ஒருவரும் தமது என்று பேணுவதில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, காலையில் நீர் மட்டம், சேர்த்த நீரின் அளவு, வேலையின்போது முள் நின்ற இடம் ஆகிய மூன்றையும் ஓட்டுபவர் எழுதும்படி செய்தல் நலம். அடிக்கடி நீர் சேர்க்க நேர்ந்தால் எங்கோ கசிவு உண்டென்பது அப்புத்தகத்தாலேயே விளங்கும். அக்கசிவை அன்றே அடைப்பது அற்பச் செலவு. அசட்டையாக விட்டுச் சிலிண்டர் தலை வளைந்தபின் சரிசெய்வதோ பெருஞ்செலவு. அடிக்கவேண்டிய கதிரும் களத்திலே மழைக்குக் காத்துக் கிடக்கும்.