சோதனையை நீக்கினால் பிழை நீங்குமா?

பி.எச்.பி., பைத்தான் போன்ற நிரல்மொழிகளின் அடித்தளம் சி மொழியில் எழுதப்பட்டது. புதிய செயலி ஒன்று சந்தைக்கு வந்தால், அந்த அடித்தளத்தை அதற்கேற்ப மீண்டும் கம்பைல் செய்து, ஏற்கெனவே எழுதிவைத்துள்ள ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்ப்பார்கள். சில தோற்கும். கால நெருக்கடியில் இருக்கும் பொறியாளர், தோற்ற சோதனைக்கு ‘இங்கு பொருந்தாது’ என்று குறியிட்டு நகர்ந்துவிடலாம். அதற்கான வசதி உண்டு. இணைய இணைப்பே இல்லாத கணினியில் இணையச் சோதனையைத் தவிர்ப்பது நியாயம்தான். காரணம் தெரியாமல் தவிர்ப்பதுதான் ஆபத்து.

2011 ஜனவரியில் பி.எச்.பி.யில் தெரியவந்த ஒரு பிழையைப் பார்ப்போம். 2.2250738585072011e-308 என்ற மிகச் சிறிய எண்ணை உள்ளிட்டால், 32 பிட் இன்டெல் கணினிகளில் நிரல் முடிவற்ற சுழற்சியில் சிக்கியது. இணைய முகவரியோடு இந்த எண்ணை அனுப்பியே ஒரு தளத்தை முடக்க முடிந்தது. 64 பிட் கணினிகளில் வழக்கமாக இந்தச் சிக்கல் எழவில்லை. மூலநிரல் ஒன்றே, வேறுபாடு செயலியில் இருந்தது. பழைய கணக்கீட்டு அலகு 64 பிட் எண்ணை 80 பிட் அகலத்தில் வைத்துக் கணக்கிட்டதால், தோராய மதிப்பைத் திருத்தும் சுழற்சி முடிவை எட்டவே இல்லை. எண்ணை ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் எழுதும்படி கம்பைலரைக் கட்டாயப்படுத்தும் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். இத்தகைய பிழைகளில் ஒரு விந்தை உண்டு. என்ன நடக்கிறது என்று பார்க்க அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்தாலே, எண் நினைவகத்துக்குப் போய்ப் பிழை மறைந்துவிடக்கூடும்.

எனவே தேடலுக்கு ஒரு வரிசை வேண்டும். அதே சோதனை பழைய கணினியில் வெல்கிறதா? அங்கும் தோற்றால் பழி புதிய செயலிக்கு உரியதன்று. தனியாக ஓட்டினால் வென்று, கூட்டத்தில் தோற்கிறதா? முன்னால் ஓடிய சோதனை விட்டுச்சென்ற கோப்போ நேர அமைப்போ காரணமாகலாம். கம்பைலரின் வேகக்கூட்டலை நிறுத்தினால் வெல்கிறதா? உடனே கம்பைலரைக் குற்றம் சாட்டத் தோன்றும். பெரும்பாலும் குற்றம் நம் நிரலில்தான் இருக்கும்.

தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றும் உண்டு. சி மொழியில் ஒரு பைட்டைத் தாங்கும் ‘சார்’ என்ற வகை எதிர்ம எண்ணை ஏற்குமா என்பதை அம்மொழியின் தரவரையறை உறுதியாகச் சொல்வதில்லை. இன்டெல் செயலிகளில் அது வழக்கமாக -128 முதல் 127 வரை. லினக்ஸ் இயங்கும் ஆர்ம் செயலிகளில் 0 முதல் 255 வரை. ஆங்கில எழுத்துகள் யாவும் 128-க்குக் கீழே அடங்குவதால் வேறுபாடு தெரியாது. யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட்டுகள்; முதல் பைட் 224. இன்டெலில் அது -32 ஆகிவிடும். அந்த எண்ணைக் கொண்டு அட்டவணையில் தேடும் நிரல், அட்டவணைக்கு வெளியே கை வைக்கும். ஆர்மில் வேறு தொல்லை: கோப்பின் முடிவைக் குறிக்கும் -1 அந்த வகைக்குள் புகுந்து 255 ஆகிவிடுவதால், முடிவுக்காகக் காத்திருக்கும் சுழற்சி நிற்பதேயில்லை.

இரண்டாவது பிழையை எந்தக் கோப்பும் காட்டிக்கொடுக்கும். முதலாவதை ஆங்கிலம் மட்டுமே உள்ள சோதனைகள் எத்தனை ஆண்டுகள் ஓடினாலும் காட்டா. தமிழ் வரி ஒன்று அந்தத் தொகுப்பில் இருந்திருக்க வேண்டும்.