நேராக ஓடக் கொஞ்சம் கோணல்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஊர்க்கண் முழுக்க ஆண்டாள் தேரின் மேல் இருக்கும். என் கண் சக்கரத்தடியில் கட்டையோடு நிற்பவர்களிடம் போய்விடும். தேர் இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கினால் வலச் சக்கரத்தின் முன்னே ஆப்பு வடிவக் கட்டை விழும். வலப்பக்கம் தடைபடும், இடப்பக்கம் முன்னேறும், தேர் மெல்ல நடுவீதிக்குத் திரும்பும். சறுக்குக்கட்டை, முட்டுக்கட்டை என்று அதற்கு ஊருக்கு ஊர் பெயர் உண்டு. அந்தக் கட்டைதான் தேருக்கு ஸ்டியரிங், பிரேக், வீல் அலைன்மென்ட் எல்லாம்.

தேரின் அச்சு திரும்பாது. வீதி முக்கில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரமும் போகவேண்டும். ஆனால் எல்லாச் சக்கரமும் ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே தரையில் உராய்ந்து இழுபட்டுத்தான் அது திரும்பியாக வேண்டும். திருவாரூர் ஆழித்தேரைத் திருப்ப முக்குகளில் இரும்புத் தகடு போட்டு மசகு தடவுவது இந்த உராய்வைக் குறைக்கத்தான்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கேயார்க் லாங்கன்ஷ்பெர்கர் என்ற மியூனிக் நகரத்து வண்டி செய்பவர். அவருக்காக லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் காப்புரிமை வாங்கினார். பெயரும் ஆக்கர்மனுக்கே நிலைத்துவிட்டது. முன்சக்கரங்கள் தனித்தனியே திரும்பட்டும், உள்பக்கச் சக்கரம் சற்றுக் கூடுதலாகத் திரும்பட்டும் என்பதே அந்த யோசனை. இன்றைய கார்கள் வரை அதுதான் அடிப்படை. ஆனால் தனியே திரும்பத் தெரிந்த சக்கரத்துக்குத் தனியே திசைமாறவும் தெரியும். வீல் அலைன்மென்ட் என்ற வேலை பிறந்தது அங்கேதான்.

பழைய அம்பாசடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி, 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் வந்த வண்டி. அதன் முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கமாகச் சற்றே உள்நோக்கி இருக்கின்றன என்று வையுங்கள். இதற்கு டோ-இன் என்று பெயர். இரண்டு ரிம்களுக்கும் நடுவே முன்னால் உள்ள இடைவெளி, பின்னால் உள்ளதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருப்பது வழக்கம். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடை யாரோ தவறாகத் திருகிவிட்டதால், இருக்கவேண்டியதைவிட 4 மில்லிமீட்டர் கூடிவிட்டது. கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. கணக்குக்குத் தெரியும்.

ரிம்மின் விட்டத்தைத் தோராயமாக 400 மில்லிமீட்டர் என்று கொண்டால், 4 மில்லிமீட்டர் என்பது அதில் நூற்றில் ஒரு பங்கு. அதை இரண்டு சக்கரங்களும் பங்கிட்டால் ஆளுக்கு இருநூற்றில் ஒரு பங்கு. அதாவது, சக்கரம் 200 மீட்டர் உருளும்போது 1 மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கும், வண்டி விடாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 11 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு முன்சக்கரமும் 55 மீட்டர் பக்கவாட்டு இழுவைக்கு ஆளாகியிருக்கும். அங்குள்ள வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரத்தின் உயரம் 192 அடி, ஏறத்தாழ 58 மீட்டர். கிட்டத்தட்ட அந்தக் கோபுர உயரத்துக்கு டயரைத் தார்ச்சாலையில் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ரப்பரின் நெகிழ்வு கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்ளும். மிச்சத்தைச் சாலை எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சக்கரத்தை நூல் பிடித்தாற்போல் நேராகவே வைத்துவிடலாமே? கூடாது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். அம்பாசடரைத் தள்ளுவது பின்சக்கரம். முன்சக்கரங்களைச் சாலை பின்னோக்கி அழுத்தும். புஷ், ஜாயிண்ட் எல்லாவற்றிலும் மயிரிழை ஆட்டம் இருக்கும். பழைய வண்டியில் சற்று அதிகமாகவே இருக்கும். அந்த அழுத்தத்தில் சக்கரங்கள் முன்பக்கம் விரியும். விரியப்போகும் அளவை முன்கூட்டியே உள்ளே மடக்கி வைப்பதுதான் டோ-இன். ஓடும்போது நேராக இருப்பதற்காக நிற்கும்போது கோணலாக இருக்கிறது.

காஸ்டர் என்பதும் இத்தகைய கோணல்தான். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். அந்தச் சாய்வுக்கோட்டை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். ஆகவே சக்கரம் எப்போதும் அந்தக் கோட்டின் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. திரும்பினாலும் தானே நேராகிறது. கையை விட்டு சைக்கிள் ஓட்டும் பையனுக்குக் கைகொடுப்பவற்றில் இதுவும் ஒன்று. வளைவு முடிந்ததும் கார் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதற்கும் இது ஒரு காரணம். இடதுக்கும் வலதுக்கும் காஸ்டர் மாறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர்; அது பிசகினால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் மொட்டையாகும்.

பழைய வண்டிக்கு அலைன்மென்ட் பார்க்கும் பலர் நேரே டை ராடுக்கு ஸ்பேனரைக் கொண்டுபோகிறார்கள். அது வேலையின் கடைசிப் படி. அம்பாசடரின் முன்பக்கத்தைத் தாங்குவது டார்ஷன் பார் என்ற நீளமான எஃகுக் கம்பி. ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கேறி, அந்த முறுக்கின் எதிர்ப்பால் வண்டியைத் தூக்கி நிற்கும். பல்லாண்டு எடை சுமந்த கம்பி சற்றே தளரும், முன்பக்கம் உட்காரும். உட்கார்ந்ததும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் சாய்வு மாறும். கேம்பரும் டோவும் கூடவே மாறும். எனவே முதலில் காற்று, பிறகு பேரிங்கிலும் புஷ்ஷிலும் உள்ள ஆட்டம், பிறகு இரு பக்க உயரம், அதன் பிறகே கோணங்கள். உட்கார்ந்த வண்டியில் டோவை மட்டும் சரிசெய்வது, கோணிப்போன நிலையில் கதவை இழைப்பது போன்றது.

அளப்பதற்கு லேசர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நூல் போதும். பஞ்சாலை ஊரான ராஜபாளையத்தில் அதற்குக் குறையில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் ஸ்டாண்டுகளுக்கிடையே நூலை இழுத்துக் கட்டவேண்டும். ஒவ்வோர் அச்சிலும் இடப்பக்க நூலுக்கும் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம், வலப்பக்கத்திலும் அதே அளவாக வரவேண்டும். முன் அச்சிலும் பின் அச்சிலும் சக்கரங்களுக்கிடையே உள்ள அகலம் வேறாக இருக்கலாம், அதைப் பற்றிக் கவலையில்லை; நூல்கள் இரண்டும் இணையாக இருந்தால் போதும். பிறகு ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை அளந்தால், வித்தியாசமே அந்தச் சக்கரத்தின் டோ. ரிம் நெளிந்திருந்தால் கணக்குப் பொய்யாகும். வண்டியைச் சக்கரத்தின் அரைச்சுற்றுக்கு உருட்டி இன்னொரு முறை அளந்து சராசரி எடுக்கவேண்டும். கேம்பருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும்.

இரண்டு டை ராடையும் சம அளவில் திருகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் சக்கரம் சரியாகி ஸ்டியரிங் கோணிவிடும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் வண்டியை நாலடி முன்னும் பின்னும் தள்ளவேண்டும். நின்ற இடத்திலேயே திருகினால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய்யான அளவைக் காட்டும். அவசரப்படுபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்தத் தள்ளலில்தான்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளியே தடவும்போது ரம்பப் பல்போலச் சுரண்டியும் இருந்தால் டோ-இன் கூடிவிட்டது. மாறி இருந்தால் குறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வழுக்கினால் நூலைச் சுருட்டி வைத்துவிடலாம்.