விட்டு விட்டு அழுகிறதா குழந்தை?

எங்கள் ஒரகடத்தில் பாதி வீட்டு அப்பாக்களுக்கு நைட் ஷிப்ட். ராத்திரி குழந்தை அழுதால் அம்மாதான் முடிவெடுக்கணும்.

பக்கத்து வீட்டு எட்டு மாசக் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் விட்டு நாலாம் நாள், வீல் வீலென்று அழுகை. காலை வயிற்றோடு மடக்கிக் கொண்டது. ஐந்து நிமிஷத்தில் துவண்டு படுத்தது. கால் மணி கழித்து மறுபடி அதே அழுகை. "உரம் விழுந்திருக்கும்" என்று சொன்னவள் நான்தான்! பச்சையாக வாந்தி எடுத்ததும் ஆட்டோ பிடித்து ஓடினோம்.

ஸ்கேனில் தெரிந்தது, குடல் செருகல். அடினோ போன்ற வைரஸ் தாக்கினால் குடல் பக்கத்திலும் நெறி கட்டும். அப்போது ரேடியோ ஏரியலை மடக்குகிற மாதிரி, குடலின் ஒரு பகுதி அடுத்ததற்குள் நுழைந்துவிடுமாம். மூன்று மாசத்திலிருந்து மூன்று வயசுக்குள்தான் அதிகம். சீக்கிரம் போனால் ஆசனவாய் வழியே காற்றோ உப்புநீரோ செலுத்தியே பெரும்பாலும் சரி செய்துவிடுகிறார்கள். தாமதித்தால் ஆபரேஷன். சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், சகோதரிகளே.

2017 முதல் நம் மாநிலத்தில் இலவசமாகப் போடும் ரோட்டா சொட்டு மருந்துக்குப் பிறகும் அபூர்வமாக இது வரலாம். அதற்காகச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அழுகையைக் கவனியுங்கள்.

குழந்தைக்குக் கத்தி படாமலே சரியாயிற்று. ஷிப்ட் முடிந்து அப்பா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அது பால் குடித்துக் கொண்டிருந்தது.