மகளின் மிதிவண்டி இருக்கை

மகளுக்குக் கியர் சைக்கிள் வாங்கச் செல்லும் பெற்றோர் நிறத்தைப் பார்ப்பர். எத்தனை கியர் என்று எண்ணுவர். விலையைப் பேரம் பேசுவர். அவள் நாள்தோறும் உட்காரப் போகிற இருக்கையை விரலால் ஒருமுறை அழுத்தி, ‘நல்ல மெத்தென்று இருக்கிறது’ என்று சொல்லி விட்டுவிடுவர். பதினைந்து நாள் சென்றதும் பிள்ளை வண்டியைத் தொட மறுக்கிறாள். பேருந்துக்குக் காசு கேட்கிறாள். ‘சோம்பேறி, ஆசை தீர்ந்துவிட்டது’ என்று வீட்டில் ஏச்சு விழுகிறது. எந்த இடத்தில் வலிக்கிறது என்று தந்தையிடம் சொல்ல அவளுக்கு நாணம். தாயிடம் சொல்லவும் தயக்கம். பங்கு மேய்ப்பர்களாகிய நாம் இதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஒரு மாணவியின் பள்ளிப் பயணம் இந்த மௌனத்தால் நின்றுபோகுமாயின் எழுதத்தான் வேண்டும்.

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் நாடெங்கும் பெயர் தெரிந்த நம் பொட்டிப்புரத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கே மலைத்தொடர், அதன் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று எத்தகையது என்பதைத் தேனி மாவட்டத்துக் காற்றாலைகளே சொல்லும். அக்காற்றை எதிர்த்து மிதிக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்கார இயலாது, கைப்பிடியின்மேல் குனிந்துகொள்வாள். குனிந்த மாத்திரத்தில் உடலின் பாரம் பின்னிருந்து இருக்கையின் மூக்கை நோக்கி நகர்கிறது. தோட்டத்துப் பாதையின் கல்லும் குழியும் ஒவ்வொரு குலுக்கலையும் அங்கேயே கொண்டுவந்து இடிக்கின்றன.

நாம் உட்காரும்போது உடலைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். உள்ளங்கைமேல் அமர்ந்து பார்த்தால் அவை கையில் தட்டுப்படும். பாரம் அவ்விரு எலும்புகளின்மேல் நின்றால் வலி இல்லை; நடுவிலுள்ள மென்தசையின்மேல் இறங்கினால்தான் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றும். ஆகவே மிகவும் மெத்தென்ற இருக்கை நல்லதென்பது தவறான எண்ணம். எலும்புகள் பஞ்சுக்குள் அமிழ, நடுப்பகுதி மேலே புடைத்து வந்து அழுத்துகிறது. மேலே மாட்டும் ஜெல் உறையும் பல வேளைகளில் இதே தொல்லையைத்தான் தருகிறது. சற்றே உறுதியான, நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள இருக்கையே பலருக்கு ஏற்றது.

பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக ஆண்களுடையதைவிட அகன்றது. ஆயினும் பெண்ணுக்குப் பெண் வேறுபாடு பெரிது. ‘லேடீஸ் சீட்’ என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கலாகாது. அளக்கும் முறை எளிது. அட்டைப்பெட்டியின் நெளிவுள்ள அட்டைத் துண்டு ஒன்றைத் திண்ணையில் போட்டு, பிள்ளை அதன்மேல் அமர்ந்து, சற்றே முன் குனிந்து, சில நொடிகள் அழுத்தட்டும். எழுந்ததும் இரண்டு குழிகள் தெரியும். இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்துடன் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் கூட்டினால், இருக்கையின் அகலம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய வேலை. பூப்பெய்தும் பருவத்தில் இடுப்பெலும்பு விரிந்துகொண்டே வருவதால், ஆறாம் வகுப்பில் பொருந்தியது ஒன்பதாம் வகுப்பில் பொருந்தாமற்போவதில் வியப்பில்லை.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். 2001–2002இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கி, 2005–2006 முதல் இருபாலார்க்கும் விரிந்த அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில் மாணவியர் பெறும் வண்டி, நிமிர்ந்து ஓட்டும் வண்டி. அதற்கு அகன்ற இருக்கை தகும். ‘அக்காள் வண்டியின் சீட் சுகமாயிருக்கிறதே’ என்று அதைக் கழற்றிக் கியர் சைக்கிளில் மாட்டினால், குனிந்து மிதிக்கையில் அதன் அகலமே உள்தொடையை உரசிப் புண்ணாக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு பெண்களின் மிதிவண்டிப் பயிற்சியும் பரவியது. பெண்களுக்கான வண்டி போதாமல் பலர் ஆண்கள் வண்டியிலேயே பழகினர்; குறுக்குக் கம்பிமேல் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதை விரும்பியவர்களும் உண்டு! ஏறுவதே அன்று போராட்டமாயிருந்தது. இருக்கையைப் பற்றி யார் பேசுவர்? மேலைநாட்டிலும் கதை வேறன்று. 1890களில் மிதிவண்டி இருக்கை பெண்ணுடலுக்குக் கேடு என்று மருத்துவர்கள் அச்சுறுத்தியபோது, நடு அழுத்தம் குறைந்த இருக்கைகள் விற்பனைக்கு வந்தன. பின்னர் அவை மறைந்தன. 1985இல் பெண்களுக்கான வண்டி நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜீனா டெர்ரி, பெண்களின் இருக்கையில் மறுபடியும் திறப்பு வைத்தார். நூறாண்டுக் காலம் பெண்கள் பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே இதன் பொருள். மிதிவண்டி ஓட்டினால் பிள்ளைப்பேறு கெடும் என்று இன்றும் நம் ஊர்களில் முணுமுணுப்போர் உளர். அதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

புதிய இருக்கை வாங்குமுன் பழையதைச் சரியாகப் பொருத்திப் பாருங்கள். செலவின்றியே வலி தீர்வதுண்டு. மூக்கு மேல்நோக்கி இருப்பதே பெரும்பான்மையான வண்டிகளின் குறை. இருக்கையின்மேல் ஒரு புத்தகத்தை நீளவாக்கில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தை அதன்மேல் வையுங்கள். மட்டமாக இருக்கட்டும், அல்லது மூக்கு ஓர் இழை தாழட்டும். மிகவும் தாழ்த்தினால் பிள்ளை முன்னே சறுக்கிக் கைகளால் தன்னைத் தாங்க நேரும். உயரத்துக்கு, கீழிறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று பெரிய வண்டியாக வாங்கிவிட்டால் கைப்பிடி எட்டாமல் அவள் மூக்கின்மேலேயே உட்காருவாள். அந்த வலியை எந்த இருக்கையாலும் தீர்க்க முடியாது. இருக்கைத் தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோட்டுக்குமேல் தண்டை உயர்த்துவது ஆபத்து.

உடையையும் கவனியுங்கள். தடித்த தையல் நடுவில் வரும் உள்ளாடை, நல்ல இருக்கையையும் கெடுத்துவிடும். ஈர ஆடையோடு நெடுநேரம் ஓட்டலாகாது. மாதவிலக்கு நாள்களில் அவள் நடந்தோ பேருந்திலோ செல்ல விரும்பினால் காரணம் கேட்க வேண்டா. மரத்துப்போதல் நீடித்தாலும், சிறுநீர் கழிக்கையில் எரிந்தாலும், புண் ஆறாவிட்டாலும் வண்டியை நிறுத்திவைத்து மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது அட்டையில் எடுத்த அளவையும் பழைய இருக்கையையும் உடன் கொண்டுசெல்லுங்கள். அடியிலுள்ள பிடிப்பு வண்டிக்கு வண்டி மாறும். பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அவளே ஏறித் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்க்கட்டும். புதிய இருக்கையில் முதல்நாளே சின்னமனூர் வரை அனுப்ப வேண்டா. ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டட்டும். எலும்பிருக்கும் இடத்தில் முதல் சில நாள் தோன்றும் இலேசான வலி தானே போய்விடும். அதன்பின் ஒரு மாலை, தந்தை வெளியே சென்றிருக்கும் நேரத்தில், எங்கே வலிக்கிறது என்று தாய் வெளிப்படையாகக் கேட்கட்டும்.