வெங்காயத் தோலும் மஞ்சளும் போதும்: வீட்டிலேயே உயிர்த்த ஞாயிறு முட்டைகள்

உயிர்த்த ஞாயிறு நெருங்கும்போது கடைகளில் சொக்லேட் முட்டைகள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. ஆனால் இந்த வழக்கம் தொடங்கியது கோழி முட்டையில்தான். மத்திய கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகளோ நோன்பு பார்ப்பதில்லை. அந்த நாள்களில் சேர்ந்த முட்டைகள், நோன்பு முடிந்ததும் விருந்தாகவும் பரிசாகவும் மாறின. 1290 இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், வண்ணமும் பொன்தகடும் பூசிப் பரிசளிப்பதற்காக 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவிட்டதாக அரண்மனைக் கணக்கில் உள்ளது.

கிரேக்கத்தில் பெரிய வியாழனன்று முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். சிவப்பு கிறிஸ்துவின் இரத்தத்தையும், உடையும் ஓடு திறந்த கல்லறையையும் குறிக்கும். அந்தச் சிவப்புக்கு அங்கு நெடுங்காலமாகப் பயன்படுவது வெங்காயத் தோல். நம் சமையலறையில் தினமும் குப்பைக்குப் போவதும் அதுதான்.

சாயம் எப்படிப் பிடிக்கிறது?

முட்டை ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றால் ஆனது. அதன்மேல் மெல்லிய புரதப் படலம் ஒன்று உண்டு. வினாகிரியில் உள்ள அமிலம் மேற்பரப்பைச் சற்று அரித்து, சாயம் பற்றிக்கொள்ள வழி செய்கிறது. ஒரு கோப்பை சாயநீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி போதும். அளவு மிஞ்சினால் ஓடு கரைந்து சொரசொரப்பாகிவிடும்.

எந்தப் பொருளில் எந்த நிறம்?

- வெங்காயத் தோல்: செம்மஞ்சள் முதல் கருஞ்சிவப்பு வரை
- மஞ்சள் தூள்: பளிச்சென்ற மஞ்சள்
- பீற்றூட்: இளஞ்சிவப்பு
- தேயிலைச் சாயம்: மண்ணிறம்
- சிவப்புக் கோவா: நீலம்

ஊதா நிறக் கோவாச் சாறு முட்டையில் நீலமாக மாறுவது பிள்ளைகளை வியக்கவைக்கும். அதிலுள்ள நிறமி அமிலத்தில் சிவந்தும், காரத்தன்மையில் நீலமாகியும் தோன்றும். ஓட்டிலுள்ள கல்சியம் காபனேற்று அமிலத்தைத் தணிப்பதால் அங்கே நீலம் தெரிகிறது. வெள்ளை முட்டையில் எல்லா நிறங்களும் தெளிவாக விழும். சிவப்பு முட்டையில் சற்று இருண்டு காணும்.

செய்யும் முறை

இரண்டு கைப்பிடி வெங்காயத் தோலை நான்கு கோப்பை நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவையுங்கள். வினாகிரி சேர்த்து, அவித்து ஆறிய முட்டைகளை அதில் அமிழ்த்துங்கள். ஆழ்ந்த நிறம் வேண்டுமானால் பாத்திரத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைக்கலாம். எடுத்துத் துடைக்காமல் காயவிட்டு, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் மினுங்கும்.

பூவேலைக்கும் செலவில்லை. கொத்தமல்லி இலையை ஈர ஓட்டில் ஒட்டி, பழைய நைலோன் காலுறைத் துண்டால் இறுகக் கட்டிச் சாயத்தில் இட்டால், இலையின் வடிவம் வெளிறிய நிறத்தில் பதியும். மெழுகுதிரியால் ஓட்டில் கோடு வரைந்து ஆறிய சாயத்தில் இட்டால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. 2024 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த உக்ரேனின் ‘பிசான்கா’ கலையும் இந்த மெழுகு உத்தியையே கொண்டது.

உண்பதற்கா, அழகுக்கா?

இதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். அவிக்கும்போது ஓட்டின் இயற்கைப் பாதுகாப்புப் படலம் நீங்கிவிடுவதால், அவித்த முட்டை பச்சை முட்டையைவிட விரைவில் பழுதாகும். ஏப்ரல் வெயிலில் மேசையில் அலங்காரமாகக் கிடந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. வெளியே இரண்டு மணி நேரம், வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டினால் ஒரு மணி நேரம், அதுவே எல்லை. குளிரூட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் உண்டுவிட வேண்டும். நகப்பூச்சோ, வண்ணப்பூச்சோ பூசிய முட்டைகளை உண்ணவே கூடாது.

நெடுநாள் அழகுக்கு வைப்பதானால், பச்சை முட்டையின் இரு முனைகளிலும் ஊசியால் துளையிட்டு, உள்ளிருப்பதை ஊசியில்லாத சிரிஞ்சால் காற்றுச் செலுத்தி வெளியேற்றுங்கள். வாயால் ஊதுவதைத் தவிர்ப்பது நல்லது. வெளிவந்ததை உடனே பொரித்து உண்டால் முட்டையும் வீணாகாது. கழுவிக் காயவைத்த கோது அடுத்த ஆண்டுக்கும் இருக்கும்.